எண்ணிய பிறகு எடுங்கள்

அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், நினைத்தபோது எழுந்து போகலாம் என்ற வசதிக்காகக் கடைசி வரிசையைப் பிடித்திருக்கும் மாணவத் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நம் போடி வழியாக ஓடும் கொட்டகுடி ஆற்றைச் சுத்தம் செய்வது பற்றிப் பேசும்படி கேட்டார்கள். சுத்தம் செய்வது எப்படி என்று போடிக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கையுறை, சாக்கு, ஒரு டிராக்டர், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை இருந்தால் போதும், கரை பளிச்சென்று ஆகிவிடும். படம் எடுப்போம். செய்தித்தாளில் வரும். அடுத்த மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் அதே பாறை இடுக்கில் அதே மாதிரிக் கவர்கள் சொருகிக்கொண்டு நிற்கும். போன தடவை எடுத்தது என்ன, எவ்வளவு, எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. “ரெண்டு டிராக்டர் இருக்கும் சார்” என்பார்கள். ஈரமும் மண்ணும் சேர்ந்த இரண்டு டிராக்டரை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன கேட்பது?

அதனால் நான் இன்று கேட்கப்போவது சின்ன விஷயம்தான். எடுப்பதற்கு முன்னால் எண்ணுங்கள். எந்த இடத்தில், எந்த வகை, எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எடுங்கள். திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வருவதற்குள் கூட்டிப் பெருக்கிவிடுவது நல்ல எண்ணத்தில் செய்கிற காரியமாக இருக்கலாம். திருடன் அகப்பட மாட்டான்.

முதலில் குப்பை போகிற பாதையைப் பார்ப்போம். மலையடிவாரத்து முந்தலிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அந்த முகட்டில் நின்று டீ குடித்துவிட்டு ஒருவர் கப்பை வீசுகிறார் என்று வையுங்கள். மேற்குச் சரிவில் விழுந்தால் அது பன்னியாற்றின் பக்கம். பன்னியாறு முதிரப்புழையோடும், முதிரப்புழை பெரியாற்றோடும் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிற பாதை அது. கிழக்குச் சரிவில் விழுந்தால் ஓடைகள் வழியாகக் கொட்டகுடி ஆறு. தேனிப் பக்கம் வைகையின் நீரோடு கலந்து, வைகை அணை, மதுரை, ராமநாதபுரம் என்று பாக் நீரிணையைப் பார்த்துப் போகிற பாதை. அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ, அந்தக் கடலைப் பார்த்து அந்தக் கப் கிளம்புகிறது. இப்படி இரண்டு கடல்களுக்குப் பொறுப்பான ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

நூறு வருடத்துக்கு முன்னால் இந்த மலையிலிருந்து இறங்கிய சரக்கு வேறு. கண்ணன் தேவன் மலைத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து வண்டிகளில் போடிக்கு வரும். இன்று டாப் ஸ்டேஷனிலும் கொழுக்குமலையிலும் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களின் சிப்ஸ் பாக்கெட்டுக்குக் கம்பி வடம் தேவையில்லை. மழைத் தண்ணீரே இறக்கிவிடுகிறது.

இதைச் சொன்னவுடன் அவையில் சிலர் தலையாட்டுகிறீர்கள். “சுற்றுலாக்காரன்தான் சார் காரணம்” என்று ஒரு கட்சி. “விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் கட்டிக்கொண்டு போகிற பார்சலும் தண்ணீர் பாட்டிலும்தான்” என்று இன்னொரு கட்சி. “தோட்டத்து உரச்சாக்கையும் மருந்து டப்பாவையும் ஏன் விட்டுவிட்டீர்கள்?” என்று மூன்றாவது. மூன்று கட்சியும் சௌகரியமாக மறந்துபோவது ஊருக்குள் ஓடுகிற நம் சாக்கடைகளை. இந்த விவாதம் டீக்கடையில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் நடக்கும். ஆற்றில் மூன்று இடங்களில், ஒரே நாளில், ஒரே முறையில் எண்ணினால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். குரங்கணிக்குப் பக்கத்தில் ஓர் இடம். அணைப்பிள்ளையார் தடுப்பணைப் பக்கம் ஓர் இடம். ஊரின் சாக்கடைகள் எல்லாம் கலந்த பிறகு, தேனிக்குப் போகிற வழியில் ஓர் இடம். முதல் இடத்திலேயே நூறு இருந்தால் மலையைப் பேசலாம். முதல் இடத்தில் பத்தும் மூன்றாவது இடத்தில் நூறும் இருந்தால் சுற்றுலாக்காரரைத் திட்டுவதை நிறுத்திவிட்டு நகராட்சி வார்டுகளுக்குள் நடக்க வேண்டும்.

சின்ன ஆற்றை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று ஒரு சந்தேகம் வரும். விஞ்ஞானிகளுக்கும் அது இருந்தது. 2017-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு ஆய்வு, ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக்கில் 88 முதல் 95 விழுக்காடு வரை பத்தே பத்துப் பெரிய ஆறுகளிலிருந்து போகிறது என்று மதிப்பிட்டது. கங்கையும் சிந்துவும் அந்தப் பத்தில் உண்டு. உலகம் முழுக்க அந்தப் பத்து ஆறுகளையே பேசினார்கள். நம்மைப் போன்ற சின்ன ஆற்றுக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி. 2021-இல் வேறொரு குழு, கூடுதல் களக் கணக்குகளை வைத்துக்கொண்டு மறுபடி போட்டுப் பார்த்தது. 80 விழுக்காட்டைக் கொண்டு சேர்ப்பவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் என்று வந்தது. அவற்றில் ஊருக்குள் நுழைந்து ஓடும் சின்ன ஆறுகளின் பங்கு பெரிது. ஆண்டுக்கு 8 லட்சம் முதல் 27 லட்சம் டன் வரை என்பது அவர்களின் மதிப்பீடு. நான்கு ஆண்டில் பத்து என்பது ஆயிரமாக மாறியதற்கு ஒரு காரணம், யார் யாரோ பாலங்களில் நின்று எண்ணிக் கொடுத்த கணக்குகள் கூடியது. இன்னும் கூடினால் இன்னும் மாறும்.

மிதக்கும் பிளாஸ்டிக் எப்படிப் போகிறது என்பதில் நம் மாவட்டத்துக்கே ஒரு பெருமை உண்டு. சிரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள், நான் இன்னும் சொல்லவே இல்லை. 2017 ஏப்ரலில், வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க அன்றைய அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். கொஞ்ச நேரத்தில் காற்று அவற்றைக் கரைக்கு ஒதுக்கிவிட்டது. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எடை குறைந்த பிளாஸ்டிக்கைத் தண்ணீரை விடக் காற்றுதான் ஓட்டுகிறது. அது நடுநீரில் நிற்காது, கரையில் ஒதுங்கும் என்பதைத் தமிழ்நாடு முழுவதும் நேரில் பார்த்தது. அட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் எழுதி விட்டிருந்தால் நல்ல ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கும்.

அதே வேலையைக் கங்கையில் முறையாகச் செய்தார்கள். அரை லிட்டர் பாட்டிலுக்குள் ஜிபிஎஸ் கருவி வைத்து, கங்கையிலும் வங்காள விரிகுடாவிலும் 25 பாட்டில்களை விட்டார்கள். 2020-இல் முடிவு வெளியானது. கடல்வழி போன ஒரு பாட்டில் 94 நாளில் 2,845 கிலோமீட்டர் போயிருந்தது. எனக்கு அந்தத் தூரத்தை விட முக்கியமாகப் பட்டது, ஆற்றில் விட்ட பாட்டில்களின் நடை. அவை ஒரே ஓட்டமாக ஓடவில்லை. கொஞ்ச தூரம் போய்ச் சிக்கிக்கொண்டன. தண்ணீர் ஏறினால் மறுபடி கிளம்பின. ஆறு பிளாஸ்டிக்கைக் கடத்துவதைப் போலவே சேர்த்தும் வைக்கிறது. நாணலில், மரவேரில், ஆகாயத்தாமரையில், தடுப்பணைக்குப் பின்னால், மணலுக்கு அடியில். வீசிய கப் கடலுக்கே போய்விடும் என்று நான் முதலில் சொல்லாமல் பாதையை மட்டும் சொன்னதற்குக் காரணம் இதுதான். பெரும்பாலானவை வழியிலேயே நின்றுவிடுகின்றன. கொட்டகுடியில் விழுந்ததில் எவ்வளவு போடியின் மணலிலேயே இருக்கிறது, எவ்வளவு வைகை அணைக்குப் போய்ச் சேர்கிறது என்பது எண்ணினால்தான் தெரியும்.

எண்ணுவது படித்த விஞ்ஞானியின் வேலை என்று மாணவர்கள் நினைக்கலாம். 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரண்டு பெண்கள் 2,800 தன்னார்வலர்களைத் திரட்டிக் குப்பை எடுத்தார்கள். எடுத்ததை வகை வாரியாக அட்டையில் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். இன்று உலகம் முழுக்க செப்டம்பர் மாதத்தில் நடக்கிற கடற்கரைத் தூய்மை நாளின் தொடக்கம் அது. சிலியில் மார்ட்டின் தீல் என்ற கடல் விஞ்ஞானி பள்ளிப் பிள்ளைகளை வைத்துக் குப்பை ஆய்வு நடத்தினார். அதைப் பார்த்து ஜெர்மனியில் 2016-இல் பத்து முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அனுப்பினார்கள். தண்ணீர் ஓரம், கரை, கரையின் மேடு என்று மூன்று மட்டங்களில் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் கிடப்பதை மட்டும் எண்ண வேண்டும். கூடவே படம் எடுத்து அனுப்ப வேண்டும். படத்தோடு கணக்கு ஒத்துப் போகிறதா என்று ஆய்வாளர்கள் சரிபார்த்தார்கள். ஒத்துப் போகாததை ஒதுக்கினார்கள். அந்தத் திட்டம் பிறகு ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் போனது.

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றால், இமயமலைக்கு வாருங்கள். 2018-இலிருந்து இந்திய இமயமலை மாநிலங்களில் மே மாத இறுதியில் பள்ளிகளும் ஊர்க்குழுக்களும் குப்பையைச் சேகரித்து, கீழே கொட்டி, வகை பிரித்து, எந்தக் கம்பெனியின் உறை என்பது வரை எழுதுகிறார்கள். நம்மைப் போன்ற மலைக்காரர்கள்தான். அவர்கள் கணக்கில் முன்னால் நிற்பது தின்பண்ட உறைகள். அதிலும் மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்ளாத பல அடுக்கு உறைகள்.

அதுவும் தூரம் என்றால் தமிழ்நாடே இருக்கிறது. சென்னையில் மாணவர்கள் 1988-இலிருந்து ஆமை முட்டையிடும் பருவத்தில் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து, முட்டைக்குழி எங்கே, செத்த ஆமை எத்தனை என்று குறித்து வருகிறார்கள். மாணவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், நடை நிற்கவில்லை. 2015-இலிருந்து பொங்கல் விடுமுறையில் பறவைகளை எண்ணுகிறோம். தேனி மாவட்டத்துக் கண்மாய்களிலும் பைனாகுலரோடு நிற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மதுரை இயற்கை பண்பாட்டு அறக்கட்டளையினர் வைகையின் தொடக்கம் முதல் முகத்துவாரம் வரை ஆய்வு செய்து, உயிரினங்களோடு கழிவுநீர் கலக்கும் இடங்களையும் பட்டியல் போட்டார்கள். பறவையை எண்ணத் தெரிந்த ஊருக்குப் பாக்கெட்டை எண்ண ஒரு மணி நேரப் பயிற்சி போதும்.

போடிக்கு அந்த ஒரு மணி நேரம்கூடத் தேவையில்லை என்பேன். ஏலக்காயைச் சலித்து ஆறு, ஏழு, எட்டு எம்எம் என்று பிரித்து, வெடித்தது தனி, நிறம் போனது தனி என்று பொறுக்குகிற கைகள் இந்த ஊரில் எத்தனை! நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் ‘நல்ல சரக்கு, கொஞ்சம் நிறைய இருக்கிறது’ என்று சொல்லி ஒரு லாட்டை விற்க முடியுமா? எடை வேண்டும், ரகம் வேண்டும், லாட் எண் வேண்டும். ஏலக்காய்க்குக் கொடுக்கிற அந்த மரியாதையில் பாதியை ஆற்றுக் குப்பைக்குக் கொடுங்கள் என்பதுதான் என் விண்ணப்பம். தரம் பிரிக்கிற பெண்களை இந்த வேலையில் ஆசிரியர்களாக வைக்க வேண்டும்; மாணவர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ளட்டும்.

முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர் ஓடும் மாதங்களில், அதாவது ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி, பாலத்தின் மேல் நின்று எண்ணுவது. பாலத்தின் ஒரு கண்ணைத் தேர்ந்துகொண்டு, அதன் அடியில் கால் மணி நேரத்தில் எத்தனை பிளாஸ்டிக் மிதந்து போகிறது என்று கோடு போடுங்கள். ஒருவர் பார்க்க வேண்டும், இன்னொருவர் எழுத வேண்டும். பார்க்கிறவரே எழுதினால் குனிகிற நேரத்தில் நான்கு போய்விடும். தண்ணீர் வற்றிய மாதங்களில் கரையில் எண்ணுவது. நூறு மீட்டர் கயிறு போட்டு அதற்குள் கிடப்பவை. இரண்டிலும் ஒன்று முக்கியம்: இடத்தை மாற்றக் கூடாது. குப்பை அதிகம் கிடக்கிற இடத்தைத் தேடிப் போய் எண்ணுகிற ஆசை எல்லோருக்கும் வரும். அப்படி எண்ணினால் ஆறு எப்போதும் கெட்டுக்கொண்டே போவதாகத்தான் கணக்கு காட்டும். குப்பையே இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுதுவதும் கணக்குதான். பூஜ்யத்தை எழுதச் சலிப்படைகிறவர்களால்தான் நல்ல கணக்குகள் பாழாகின்றன.

பெருவெள்ளத்துக்கு முன்னும் பின்னும் எண்ணுவது மிக அவசியம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் வட்டாரத்து ஆறுகளில் 40 இடங்களில், 2015-16 குளிர்கால வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் படுகை மண்ணை எடுத்துப் பார்த்தார்கள். படுகையில் இருந்த நுண் பிளாஸ்டிக்கில் சுமார் 70 விழுக்காட்டை அந்த ஒரு பருவ வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. ஆறு சுத்தமானது என்று மேலே இருந்தவர்கள் நினைத்திருக்கலாம். போனது கீழே இருக்கிறவர்களிடம். நமக்குக் கீழே வைகை அணையும், அந்த அணைத் தண்ணீரைக் குடிக்கிற மதுரையும் இருக்கின்றன.

ஆனால் வெள்ளத்தின்போது ஆற்றில் இறங்காதீர்கள். கொட்டகுடி காட்டாறு. போடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை வந்து இறங்கும். பூச்சி மருந்து டப்பா, ஊசி, உடைந்த பாட்டில் இவற்றை எண்ணிக்கொள்ளுங்கள், கையால் தொடாதீர்கள். குரங்கணிக்கு மேலே வனத்துறை அனுமதியில்லாமல் யாரும் போக வேண்டாம். 2018 மார்ச்சில் அந்த மலைத் தீயில் 23 பேர் இறந்ததைப் பார்த்த ஊர் இது. மேலே எண்ணுவதற்குச் சரியான ஆட்கள் அங்கேயே இருக்கிறார்கள். முதுவாக்குடி, கொட்டகுடி, சென்ட்ரல் ஸ்டேஷன் மக்களுக்கு ஒவ்வொரு ஓடையும் தெரியும். அவர்களைக் கூலி இல்லாத வேலைக்கு அழைக்காமல், வழிகாட்டிகளுக்குக் கொடுப்பதைப் போல நாள்கூலி கொடுத்து அழைப்பதுதான் நியாயம். தன்னார்வம் என்பது வயிறு நிறைந்தவர்களுக்கு எளிது.

இப்போது, எண்ணப் போனால் உங்கள் கண்ணில் படப்போகிற ஒரு விசித்திரத்தைச் சொல்கிறேன். தண்ணீர் பாட்டில் நீங்கள் எதிர்பார்த்ததை விடக் குறைவாக இருக்கும். உடனே, பிளாஸ்டிக் தடை வேலை செய்கிறது என்று எழுதிவிடாதீர்கள். பாட்டிலுக்குப் பழைய பிளாஸ்டிக் கடையில் விலை உண்டு. உங்களுக்கு முன்பே விடிகாலையில் ஒருவர் வந்து பொறுக்கிக்கொண்டு போயிருப்பார். நம் ஊர் ஆறுகளில் மிஞ்சிக் கிடப்பது பெரும்பாலும் விலை இல்லாத பிளாஸ்டிக். சிப்ஸ் உறை, பான் மசாலா உறை, சாம்பார் கட்டிய கவர், ஷாம்பூ பாக்கெட். ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து எளிய வீட்டுக்கும் கொண்டு சேர்த்த பெருமை நம் கடலூர் சின்னிகிருஷ்ணனைச் சேரும். காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் இன்றுவரை விலை பிறக்கவில்லை.

விலை பிறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தருவதாகத் தொடங்கினார்கள். காட்டுக்குள்ளும் யானைப் பாதையிலும் உடைந்து கிடந்த பாட்டில், கடைக்குத் திரும்பி நடந்தது. யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. பத்து ரூபாய் வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே நம் கணக்கில் கம்பெனிப் பெயரும் இருக்க வேண்டும். உறையைத் தயாரித்து விற்றவரே அதைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு என்று 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. 2022-இல் அதற்கு இலக்குகளும் வந்துவிட்டன. ஒரு சிறு கடைக்காரர் கவர் வைத்திருந்தால் அபராதம் போடுகிற நாம், அந்த விதியை எடுத்துக்கொண்டு பெரிய கம்பெனிகளிடம் போனதில்லை. போவதற்குக் கையில் கணக்குத் தாள் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. 2022 ஜூலையில் நாடு முழுக்கத் தடை. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டின் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிக்கு உயர் நீதிமன்றத்தின் தடை. இத்தனை தடைகளில் எது கொட்டகுடியில் எவ்வளவு குறைத்தது? 2018-இல் ஒரு பள்ளிக்கூடத்து நோட்டில் யாராவது மாதம் ஒரு முறை எழுதி வைத்திருந்தால் இன்று அதைப் புரட்டிப் பார்த்துச் சொல்லியிருப்பேன். அடுத்து வரப்போகிற தடைக்காவது அந்த நோட்டு இருக்கட்டும்.

நான்கு பேர், ஒரு கயிறு, ஒரு நோட்டு, மாதத்தின் முதல் ஞாயிறு. மூன்று இடங்களுக்குப் பன்னிரண்டு பேர் போதும். ஓராண்டுக் கணக்கைச் சேர்த்து நகராட்சி ஆணையரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுப்போம். நகலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புவோம். பள்ளி, கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: இதற்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். சான்றிதழ் கொடுத்தால் முதல் மாதம் இருநூறு பேர் வருவார்கள், மூன்றாம் மாதம் ஒருவரும் வரமாட்டார்கள். வாசலில் மேசையில் படிவம் இருக்கிறது. எழுதுகிறவர் பெயர், இடம், நேரம், வகை, கம்பெனி, எண்ணிக்கை என்று ஆறே கட்டம். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசைத் தம்பிகள் முதலில் எடுக்கலாம், உங்களுக்குத்தான் வாசல் பக்கம்.